கராத்தேயில் ஓர் எட்டு: நிற்கும் காலின் வேலை

ஜென்குட்சு டாச்சி என்னும் நிலையில் முன்கால் மடங்கி, முழங்கால் பெருவிரலுக்கு நேர் மேலே நிற்கும். பின்கால் நீண்டு, குதிகால் தரையில் பதிந்திருக்கும். உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்காலிலும் 40 விழுக்காடு பின்காலிலும் விழ வேண்டும் என்பது ஷோட்டோகான் வழியின் கணக்கு. இரு பாதங்களுக்கும் நடுவே இடுப்பளவு அகலமும், வளர்ந்தவருக்கு 80 செ.மீ. வாக்கில் நீளமும் இருக்கும். பின்காலை முன்னே கொண்டுவந்து மறுபுறம் அதே நிலையை அமைப்பதுதான் கராத்தே வகுப்பில் ஒருவர் முதலில் கற்கும் நகர்வு. ஓய் சுகி என்னும் குத்து இந்த எட்டின் மேலேறித்தான் வருகிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது நகரும் கால். எட்டின் வேகத்தையும் உயரத்தையும் திசையையும் தீர்மானிப்பதோ இடம்பெயராமல் நிற்கும் கால்.

ஒரே எட்டில் உடலும் பாதமும் கடக்கும் தூரம் ஒன்றல்ல. இடுப்பு 80 செ.மீ. முன்னேறும்போது நகரும் பாதம் 160 செ.மீ. கடக்கிறது. ஆகவே சராசரியாகப் பாதம் உடலைவிட இரு மடங்கு வேகத்தில் போயாக வேண்டும். ஒரு காலின் எடை மொத்த உடல் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. இத்தனை கனமான உறுப்பு இவ்வளவு வேகமாகப் போவதால் வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது என்ற எண்ணம் எழுவது இயல்பே. புதிதாகச் சேர்ந்த மாணவர் காலை முன்னே வீசுகிறார், தோள் பின்தங்குகிறது, பாதம் ‘தொம்’மென்று விழுகிறது, அதன் பிறகுதான் உடல் வந்து சேர்கிறது. உடலின் ஈர்ப்பு மையத்தை உடலுக்குள் எழும் விசைகளால் நகர்த்த முடியாது. தரை திருப்பித் தரும் எதிர்விசைதான் அதை நகர்த்தும். காற்றிலிருக்கும் காலால் தரையிடமிருந்து எதையும் பெற முடியாது.

எட்டின் முதல் சிக்கல் அது தொடங்கும் விதத்தில் இருக்கிறது. எடை 60க்கு 40 என்று பிரிந்தால், 80 செ.மீ. நீளமுள்ள நிலையில் ஈர்ப்பு மையம் பின்பாதத்திலிருந்து 48 செ.மீ. முன்னாலும் முன்பாதத்திலிருந்து 32 செ.மீ. பின்னாலும் இருக்கும். பின்பாதத்தைத் தூக்கிய கணத்தில் உடலைத் தாங்குவது முன்பாதம் மட்டுமே. அது இன்னும் உடலுக்கு முன்னால்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் தரையின் எதிர்விசை சாய்வாகப் பின்னோக்கி வரும். அதாவது முன்கால் பிரேக் போடும். அதைத் தாண்டிப் போகும் வேகம் உடலுக்கு ஏற்கெனவே இருந்தாக வேண்டும். உடலை உயரம் மாறாத ஒரு நிறையாகவும், காலை அதைத் தாங்கும் எடையற்ற கம்பாகவும் வைத்துக் கணக்கிட்டால் இந்த வேகம் கிடைத்துவிடும். தாழ்ந்த நிலையில் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், தேவையான வேகம் நொடிக்கு 1.1 மீட்டர். இதைவிடக் குறைந்தால் உடல் முன்பாதத்தின் மேல் ஏறாமல் பின்னுக்கே சரிந்துவிடும்.

மனிதப் பாதம் புள்ளியல்ல என்பதால் நடைமுறையில் தேவை இதைவிடக் குறையும். அழுத்தம் முன்பாதத்தின் குதிகால் பக்கம் விழுந்தால் கடக்க வேண்டிய தூரம் பத்து செ.மீ.க்கு மேல் சுருங்கும். அழுத்தத்தை விரல்களின் மேல் வைத்திருப்பவருக்கு அது நீளும். முன்பாதத்தின் விரல்களில் கனத்தைக் கொட்டாதே என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இயக்கவியலில் உள்ள காரணம் இதுவே. உடல் கடந்து போகப் போக அழுத்தமும் குதிகாலிலிருந்து முன்பாதப் பந்துக்கு, அதாவது விரல்களுக்குப் பின்னுள்ள சதை மேட்டுக்கு, உருண்டு செல்கிறது.

எட்டைத் தொடங்குவது பின்காலின் தள்ளலா, முன்காலின் இழுப்பா என்பது டோஜோக்களில், அதாவது பயிற்சிக்கூடங்களில், ஓயாத வாதம். இதில் கணக்கு பின்கால் பக்கமே நிற்கிறது. பின்பாதம் ஈர்ப்பு மையத்துக்கு 48 செ.மீ. பின்னால் இருப்பதால், அங்கிருந்து புறப்படும் சாய்வான விசைக்கோடு உடலைச் சுழற்றாமல் ஈர்ப்பு மையத்தின் வழியே போக முடியும். 48-ஐ 80-ஆல் வகுத்தால் 0.6. புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஆறு பங்கு அளவுக்கு, முதுகை நிமிர்த்தியபடியே உடல் முன்னோக்கி முடுக்கம் பெறலாம் என்பது இதன் பொருள். தரையின் உராய்வும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க வேண்டும். முன்காலோ உடலுக்கு முன்னால் இருக்கிறது. தொடையின் பின்புறத் தசைகளும் புட்டத் தசையும் சுருங்கி உடலை அதை நோக்கி இழுக்க முயன்றால், அதே திருகுவிசை இடுப்புக்கு மேலுள்ள பகுதியைப் பின்னுக்குச் சாய்க்கப் பார்க்கும். எனவே சுத்தமான இழுப்புக்கு இடம் குறைவு. ஆயினும் தேர்ந்தவர்கள் ‘முன்கால் இழுக்கிறது’ என்று சொல்வது வெறும் பிரமையல்ல. தொடையின் முன்புறத் தசை இறுகி நின்றால் முன்கால் முட்டுக்கட்டையாகிவிடும். அது தளர்ந்து, பின்புறத் தசை வேலையை எடுத்துக்கொண்டால் அந்தத் தடை இளகும். அவர்கள் இழுப்பாக உணர்வது பெரும்பாலும் இந்தத் தடை விலகுவதைத்தான்.

இதனால்தான் தொடங்கும் கணத்தில் நல்ல கராத்தேக்காரரின் முன் முழங்கால் சற்றே, ஒரு விரற்கடை அளவு, முன்னே அமிழ்கிறது. அப்போது எடை முன்பாதத்துக்குச் சறுக்குகிறது. பின்காலை உந்தி வேகம் சேர்ப்பதும் முன் முழங்காலை இளக்கித் தூரத்தைக் குறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எதிரே நிற்பவருக்கு இந்த அமிழ்தல் தெரிவதில்லை. தெரிந்துவிடுவது வேறு பழக்கம்: புறப்படுவதற்கு முன் முன்பாதத்தின் விரல்களை வெளியே திருப்பிக்கொள்வது. பாதம் திரும்பினால் அடுத்த எட்டில் கால் வசதியாக இருக்கும் என்று உடல் தானாகவே செய்யும் ஏற்பாடு அது. எட்டு வரப்போகிறது என்பதை எதிராளிக்கு அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இனி நடுக்கட்டம். இரு முழங்கால்களும் ஏறத்தாழ உரசிக்கொள்ளும் தூரத்தில் வரும். நகரும் பாதம் தாங்கும் பாதத்தின் உட்பக்கத்தை ஒட்டிக் கடக்கும். அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளை நுழைக்கலாம். அதற்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இடுப்பின் உயரம் தொடக்கத்தில் இருந்ததுதான். தாங்கும் காலின் முழங்கால் இந்தக் கணத்தில்தான் மிக அதிகமாக மடங்கியிருக்கிறது. உடலின் முழு எடையும் அந்த ஒற்றைத் தொடையில் இறங்குகிறது. இங்கே நிறுத்தச் சொன்னால் ஓராண்டு பயின்றவருக்கும் தொடை நடுங்கும்.

சாதாரண நடையில் மனிதர் இப்படிச் செய்வதில்லை. நடக்கும்போது தாங்கும் கால் கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்து, இடுப்பை நான்கைந்து செ.மீ. மேலே ஏற்றி, பிறகு இறக்குகிறது. தசைக்கு அது சிக்கனமான வழி. மடங்கிய முழங்காலோடு சமமட்டத்தில் போவது ஆற்றலை அதிகம் கேட்கும். அப்படியிருந்தும் கராத்தே அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதற்கு, தலை மேலெழுந்தால் எதிராளி கண்டுகொள்வான் என்பதையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது உண்மைதான், ஆனால் முக்கியமான காரணம் வேறு. நடுக்கட்டத்தில் மடங்கியிருக்கும் முழங்காலில்தான் எட்டின் இரண்டாம் பாதிக்கான உந்தல் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈர்ப்பு மையம் தாங்கும் பாதத்தைக் கடந்ததும் உடல் முன்னோக்கி விழத் தொடங்குகிறது. உயரம் குறையாமலிருக்க, கால் நீண்டுகொண்டே போக வேண்டும். சாய்ந்த கால் நீளும்போது உடலை முன்னே தள்ளுவது தவிர அதற்கு வேறு வழியில்லை. மேலே சொன்ன அதே கணக்கில், நடுக்கட்டத்தை மிக மெதுவாகக் கடந்த உடல்கூட, உயரத்தை மட்டும் காத்துக்கொண்டால் எட்டின் முடிவில் நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தை எட்டிவிடும். உயரத்தைக் காப்பதும் முன்னே தள்ளுவதும் ஒரே செயல் என்பதை இது காட்டுகிறது. நடுவிலேயே முழங்காலை நிமிர்த்திவிட்டவர் அந்த நீட்சியை மேல்நோக்கிச் செலவழித்துவிடுகிறார். பிறகு அவரிடம் எஞ்சுவது மேலிருந்து கீழே விழும் வேகம் மட்டுமே.

நகரும் பாதம் நேர்கோட்டில் போகாமல் உள்ளே வந்து வெளியே செல்லும் பிறை வளைவுக்குப் பல விளக்கங்கள் உண்டு. கவட்டைக் காப்பது, வழியில் உதைக்க ஆயத்தமாக இருப்பது என்பவை அவற்றுள் சில. பக்கவாட்டுச் சமநிலையே இவற்றைவிட அடிப்படையானது. நிலையின் அகலம் இடுப்பளவு என்பதால், ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் ஈர்ப்பு மையம் பக்கவாட்டிலும் தாங்கும் பாதத்தை நோக்கி நகர வேண்டும். உடல் எடையில் ஆறில் ஒரு பங்கான கால் தானே உள்ளே வந்துவிட்டால், அந்த நகர்வில் ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது. மார்பும் தோளும் அசைய வேண்டிய அளவு குறைகிறது. வளைவைப் பெரிதாக வரைந்து காட்டுவது வகுப்பில் அழகாக இருக்கும். வேகமான எட்டில் அது தானாகவே மெலிந்து, கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும், அதில் குறையொன்றுமில்லை.

இரண்டாம் பாதியில் தாங்கும் கால் பின்காலாக மாறுகிறது. தொடக்கத்தில் நேரே முன்னோக்கியிருந்த அதன் பாதம் முடிவில் 30 முதல் 45 பாகை வரை வெளியே திரும்பியிருக்க வேண்டும். இந்தத் திருப்பம் அலங்காரத்துக்காக அல்ல. நீண்ட நிலையில் பின்கால் செங்குத்திலிருந்து பெரிதும் சாய்ந்திருக்கிறது. முழங்கால் நீண்டிருக்கும்போது கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிப்பதால், பலருக்குக் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது 10 முதல் 20 பாகைக்குள் முடிந்துவிடும். பாதம் நேராக இருந்தால் குதிகால் எழுந்தே தீரும். வெளியே திரும்பினால் கணுக்கால் மடங்க வேண்டிய அளவு குறைந்து, குதிகால் தரையில் தங்கும். இத்திருப்பம் உந்தலின் கடைசிப் பகுதியில், இடுப்பு திரும்புவதோடு இணைந்து நிகழ்வதே நல்லது. முழங்கால் மடங்கியிருக்கும்போது மட்டுமே கீழ்க்காலுக்குச் சற்றுச் சுழலும் இடம் உண்டு. முழுவதும் நீண்ட பின் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிய முழங்காலின் கீழே பாதத்தைத் திருப்புபவர் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பின் மேல் அந்தத் திருகலை ஏற்றுகிறார்.

குதிகால் தரையை விட்டு எழலாமா என்ற கேள்விக்குப் பாடநூல்கள் கூடாது என்றே பதில் சொல்கின்றன. கணுக்காலின் நீட்சியும் உந்தலுக்கு உதவுகிறது என்பதால் வேகம் மட்டுமே குறியாக இருப்பவருக்குக் குதிகாலை எழவிடுவது லாபம்தான். விளையாட்டுச் சண்டையில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பதிந்த குதிகாலின் பயன் தெரிவது குத்து இலக்கில் படும்போது. அப்போது வரும் எதிர்விசையைத் தாங்க, அழுத்தம் பின்னே நகர இடம் இருக்க வேண்டும். மெதுவாக்கிய படப்பதிவுகளில் மரபு வழியில் தேர்ந்தவர்களின் குதிகாலும் உந்தலின் உச்சத்தில் இலேசாக எழுந்து, முடிவில் அமர்வதைக் காணலாம். விதி முடிவு நிலைக்கானது என்று கொள்வதே பொருத்தம்.

பாதம் ஊன்றியதும் முன்கால் மறுபடி பிரேக் ஆகிறது. உடலின் உந்தம் தரைக்குப் போய்விடும். ஊன்றிய பிறகு குத்துபவர் நின்றுவிட்ட உடலின் கையால் குத்துகிறார். பாதமும் முட்டியும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பது வகுப்பறைப் பாடம். முட்டி ஒரு கணம் முந்தினால் உடல் எடை இலக்குக்குள் போகும் வாய்ப்பு கூடுகிறது. பாதம் முந்தினால் குறைகிறது. ஒரே கணம் என்ற விதி, பிந்திய தவறைத் தவிர்க்கும் எல்லைக்கோடு.

இவ்வளவு நீண்ட எட்டு ஒகினாவாவிலிருந்து அப்படியே வந்ததல்ல. ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தார். 1925-இல் வெளியான அவருடைய நூலின் படங்களில் அவர் நிற்கும் நிலைகள் உயரமானவை, குட்டையானவை. 1930-களிலும் அதையடுத்தும் அவருடைய மகன் யோஷிடாகா நிலைகளைத் தாழ்த்தி நீட்டினார். 1945-இல் அவர் இறந்தபோது ஷோட்டோகானின் முகமே மாறியிருந்தது. பின்னர் ஜப்பான் கராத்தே சங்கத்தின் தலைமை ஆசிரியராக இருந்த நாகயாமா மசடோஷியின் நூல்கள் அந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பின. ஃபுனாகோஷியிடம் பயின்று வாடோ ரியூவை நிறுவிய ஓட்சுகா ஹிரோனோரி ஜூஜுட்சுவில் ஊறியவர்; அவர் குட்டையான நிலைகளோடே இருந்துவிட்டார். குட்டையான நிலையில் கடக்க வேண்டிய தூரம் குறைவு, புறப்பாடு எளிது. ஆனால் பின்பாதம் உடலுக்கு அருகிலேயே இருப்பதால் ஒரே உந்தலில் சேரும் வேகமும் குறைவு. இரண்டில் எது சிறந்தது என்பது எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது.

முன்னே பார்த்த ஈர்ப்பு மையக் கணக்கைக் கோகுட்சு டாச்சிக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நிலையின் இயல்பு தெளிவாகும். இதில் பின்கால் மடங்கி 70 விழுக்காடு எடையைத் தாங்குகிறது. முன்பாதம் நேராகவும் பின்பாதம் அதற்குச் செங்கோணமாகவும் இருக்கும். நீளம் 75 செ.மீ. என்றால் ஈர்ப்பு மையம் முன்பாதத்துக்கு 52.5 செ.மீ. பின்னால் இருக்கிறது; தள்ள வேண்டிய பின்பாதமோ 22.5 செ.மீ. தூரத்திலேயே நிற்கிறது. முன்னே எட்டு வைக்க நொடிக்கு 1.8 மீட்டர் வேகம் தேவை. அதைச் சேர்ப்பதற்கான சாய்வு மிகக் குறைவு. பின்னே எட்டு வைப்பதற்கு நிலைமை தலைகீழ்: தள்ளும் முன்பாதம் தொலைவில், ஏற வேண்டிய பின்பாதம் அருகில். விலகித் தடுக்கும் நிலையாக இது வளர்ந்ததில் வியப்பில்லை. ஹெய்யான் ஷோடான் என்னும் கட்டாவின் (வரிசைப்படுத்திய அசைவுத் தொகுப்பின்) முடிவில் கத்திக்கைத் தடுப்போடு வரும் நான்கு கோகுட்சு நிலைகளில் மாணவர்கள் உயர்ந்து தாழ்வதற்குக் காரணமும் இதுதான். அங்கே முன்னோக்கி எட்டு வைக்கும்போது, முன்காலாக இருந்த பாதம் முழு எடையையும் சுமந்தபடி திரும்பிப் பின்காலாக வேண்டியிருக்கிறது. எடையை முதலில் அந்தக் காலின் மேல் முழுமையாகக் கொண்டுவந்து, பாதங்களைச் சேர்த்து, அதன் பிறகே இடுப்பைத் திறந்து, அதோடு பாதத்தையும் திருப்ப வேண்டும். பாதத்தை முன்கூட்டியே திருப்பிவிட்டால் முழங்கால் உள்ளே சரிந்துவிடும்.

கிபா டாச்சி குதிரைமேல் அமர்ந்தாற்போன்றது. எடை இரு கால்களிலும் சமம். இந்த நிலையில் முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் போவதே முதன்மை. டெக்கி ஷோடான் கட்டாவில், ஒகினாவாவில் நைஹான்சி எனப்படுவதில், இடப்பாதம் வலப்பாதத்தின் முன்னால் குறுக்கே கடந்து ஊன்றுகிறது. எடை நடுவில் இருப்பதால், இடக்காலைத் தூக்குமுன் உடல் வலப்பாதத்தின் மேல் சரிய வேண்டும். இடுப்பு ஆடாமல் அதைச் செய்ய, இடக்கால் பக்கவாட்டில் தரையைத் தள்ளி, வலத்தொடை அமிழ்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நைஹான்சியையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்டிருந்த மோட்டோபு சோகியின் (1870–1944) புகழ் சண்டைக்காரர் என்ற முறையில் வந்தது. எடையைக் காட்டிக்கொள்ளாமல் காலிலிருந்து காலுக்கு மாற்றும் திறன் அந்தக் கட்டாவில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும்.

மியாகி சோஜுன் (1888–1953) வகுத்த கோஜு ரியூவில் சான்சின் டாச்சி மையமானது. நிலை மிகக் குட்டை: முன்பாதத்தின் குதிகால், பின்பாதத்தின் விரல்நுனிக் கோட்டுக்கு மேல் போவதில்லை, முன்பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும். பாதம் தரையைத் தடவியபடி பிறை வரைந்து முன்னே போகிறது. உடல் கடப்பது ஓரடி வாக்கில்தான் என்பதால் வேகம் சேர்க்கும் தேவையே இல்லை. எட்டை எந்தக் கணத்திலும் நிறுத்தலாம், திருப்பலாம். நேகோ ஆஷி டாச்சியில் எடையில் 90 விழுக்காடு பின்காலிலேயே இருப்பதால் முன்பாதத்தை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம். அதன் மேல் ஏறிப் போவதுதான் கடினம்.

முழங்காலுக்கு உண்மையான ஆபத்து நேரெட்டில் இல்லை, திருப்பங்களில்தான் இருக்கிறது. ஹெய்யான் ஷோடானின் மூன்றாவது அசைவில் இடப்பாதத்தின் மேல் உடல் 180 பாகை திரும்புகிறது. பின்னர் 270 பாகைத் திருப்பங்களும் உண்டு. குதிகாலில் சுழல்வதா, முன்பாதப் பந்தில் சுழல்வதா என்பதில் வழிகள் வேறுபடுகின்றன. கீழ்க்காலின் அச்சு குதிகாலுக்கு அருகில் இருப்பதால், குதிகாலில் சுழன்றால் கால் இருந்த இடத்திலேயே திரும்பும், உயரமும் மாறாது. பந்தில் சுழன்றால் குதிகால் ஒரு வட்டம் அடித்து இடம் மாறும். முடியும் நிலையின் அகலம் அதற்கேற்பக் கூடியோ குறைந்தோ போகும். சமநிலை கிடைப்பது பந்தில் எளிது என்பதால் தொடக்கநிலை மாணவர்கள் அதையே நாடுகிறார்கள். எதில் சுழன்றாலும், பாதம் பிடித்துக்கொள்ள உடல் முன்னே திரும்பிவிட்டால் திருகல் முழங்காலில்தான் வந்து நிற்கும். மெருகிட்ட மரத்தரையில் வெறும் பாதம் வழுக்கிக் கொடுக்கும். இன்றைய பயிற்சிக்கூடங்களில் பரவலாகிவிட்ட நுரைப்பாய், வியர்த்த பாதத்தை இறுகப் பற்றும். அந்தத் தளத்தில் திருப்பத்தின்போது பாதத்தின் ஒரு பகுதியிலிருந்து எடையை முழுவதும் விலக்கிவிட்டுத்தான் சுழல வேண்டும். முன்பே முழங்கால் வலி உள்ளவர்கள் திருப்பத்தை இரண்டு மூன்று சிற்றெட்டுகளாகப் பிரித்து வைப்பார்கள். கட்டாவின் வரைவில் அது பிழையாகத் தெரிந்தாலும், வகுப்பில் அதை அனுமதிக்கும் ஆசிரியர்கள் இப்போது இருக்கிறார்கள்.